பந்து இல்லாதவனின் வேலை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் பதினொரு கொண்டைக்கடலை, எதிர்ப்பக்கம் பதினொரு ராஜ்மா. இரவு ஊறப்போட எடுத்து வைத்திருந்தவை. பள்ளியிலிருந்து வந்த மகன் தோள்பையைக்கூடக் கழற்றாமல் அவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். நடுவில் இருந்த ஒரு கடலையை விரலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, "இது நான்" என்றான்.

"இந்த ப்ளேல நான் என்ன செய்யணும், சொல்லு பாப்போம்?"

"பந்தைத் தூக்கி எறியணும்."

"இல்ல. பந்தைத் தொடவே கூடாது. ஒண்ணுமே செய்யாம இருக்கணும்."

"சும்மா இருக்கறதுக்கு எதுக்குடா ப்ராக்டிஸ்?"

"அம்மா, அதான் இருக்கறதுலயே கஷ்டம்."

அவனுக்கு 12 வயது. பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பையன்களின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் அவன்தான் குவாட்டர்பேக், அதாவது பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன். இரண்டு வருடமாக செப்டம்பர், அக்டோபர் சனிக்கிழமைகள் எனக்கு மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக மைதான ஓரத்தில்தான் கழிகின்றன. முதல் வருடம் எந்த ஹெல்மெட்டுக்குள் என் பிள்ளை இருக்கிறான் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அந்தக் கடலைச் சாயங்காலத்துக்குப் பிறகு நிலைமை மாறியது. ட்ரிக் ஃபார்மேஷன் என்று சொல்கிறார்களே, எதிரணிக்குப் போக்குக் காட்டுவதற்காகவே ஆட்களை வழக்கத்துக்கு மாறாக நிறுத்தும் வரிசைகள், அவற்றைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்க அவன் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்று புரிந்தது. இந்த வரிசைகளில் பந்தை வைத்திருப்பவன் செய்வது பாதி வேலைதான். மீதிப் பாதியைச் செய்வது பந்து இல்லாத குவாட்டர்பேக்.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்த்தே இராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்பும் ஸ்னாப்பில் தொடங்கும். அதாவது, நடுவில் குனிந்து நிற்கும் சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் தருவார். ஸ்னாப்புக்கு முன்னால் எப்படி வேண்டுமானாலும் நிற்க முடியாது. பந்து வைத்திருக்கும் கோட்டின் மேல் குறைந்தது ஏழு பேர் நிற்க வேண்டும். அந்த ஏழு பேரில் இரண்டு ஓரங்களில் நிற்பவர்கள் மட்டும்தான் எறியப்படும் பந்தைப் பிடிக்கலாம். நடுவில் இருக்கும் ஐந்து பேர் சுவர் மாதிரி. லைன்மேன்கள் என்று பெயர்; அவர்களில் இரண்டு ஓரத்தில் நிற்பவர்கள் டேக்கிள்கள். தள்ளலாம், தடுக்கலாம், முன்னால் எறியும் பந்தைப் பிடிக்கக் கூடாது. அவர்களுடைய சட்டை எண்ணும் 50க்கும் 79க்கும் நடுவில் இருக்கும், நடுவர் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்வதற்காக. ஸ்னாப் நேரத்தில் ஒரே ஒருவர் நகரலாம், அதுவும் பக்கவாட்டிலோ பின்பக்கமோதான்.

ஆக, எங்கே யார் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே என்ன நடக்கப் போகிறது என்று பாதி ஊகித்துவிடலாம். தடுக்கும் அணி அதற்கென்றே பயிற்சி எடுக்கிறது. அவர்களுக்குக் கிடைக்கும் குறிப்புகளிலேயே பெரியது குவாட்டர்பேக்தான். அவர் எங்கே பார்க்கிறார், தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் காலை முன்னால் வைக்கிறார் என்று பின்னால் நிற்கும் சேஃப்டிகள் கண்ணைக்கூட மூடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போக்குக் காட்டும் வரிசைகள் எல்லாம் இந்தப் பார்வையை முதலாக வைத்து நடக்கும் வியாபாரம்.

இன்னொரு விதியும் உண்டு. சின்னது, ஆனால் முக்கியமானது. அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், சென்டரின் முதுகை ஒட்டிக் கை நீட்டி நிற்கும் குவாட்டர்பேக் எறியப்படும் பந்தைப் பிடிக்க முடியாது. சில யார்டு பின்னால் தள்ளி நின்றால் பிடிக்கலாம். அந்தத் தள்ளி நிற்கும் நிலைக்கு ஷாட்கன் என்று பெயர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 பிப்ரவரி 4. மின்னியாபொலிஸில் என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், பிலடெல்பியா ஈகிள்ஸுக்கும் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கும். நண்பர் வீட்டு பேஸ்மென்டில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். வெங்காய பஜ்ஜி ஒரு பக்கம், பீட்சா ஒரு பக்கம். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது, சோபா மூலையில் தூங்கிவிட்டான். பாதி ஆட்டம் முடியும் சமயத்தில் திடீரென்று மொத்தப் பேரும் எழுந்து கத்தினார்கள். என்ன நடந்தது என்று யாரிடமும் கேட்கக்கூட முடியவில்லை, எல்லோரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் தூக்கம் கலைந்து அழுதான். அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே டிவியில் மறுபடி மறுபடி ஓடிய அந்தக் காட்சியைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழு வருடம் கழித்து அதே பிள்ளைதான் நொடிக்கு நொடி நிறுத்தி எனக்கு விளக்கினான்.

ஈகிள்ஸ் 15-12 என்று முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்கு 38 நொடிகள். நான்காவது வாய்ப்பு, கோல் கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு. உதைத்து மூன்று புள்ளி எடுத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஓரத்துக்கு வந்து பயிற்சியாளர் டக் பெடர்சனிடம், தாங்கள் பழகி வைத்திருந்த ஒரு போக்குக் காட்டும் ஆட்டத்தைக் குறிப்பிட்டு, "ஃபில்லி ஃபில்லி வேண்டுமா?" என்று கேட்டார். ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி, செய்வோம்" என்றார் பெடர்சன். கேட்டது ஃபோல்ஸ் என்பதைக் கவனியுங்கள். அந்த சீசனின் முதன்மை குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறியதால் உள்ளே வந்தவர் அவர். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்திருந்தவர்.

ஃபோல்ஸ் ஷாட்கன் நிலையில் நிற்கிறார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல வலது பக்க லைன்மேன்களிடம் நடந்து போகிறார், அவர்களுக்கு ஒரு மாற்றம் சொல்லப் போகிறவர் மாதிரி. இதை எல்லா குவாட்டர்பேக்குகளும் ஆட்டத்துக்கு ஆட்டம் எத்தனையோ தடவை செய்வார்கள். அதனால் எதிரணியில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் வலது டேக்கிளுக்குப் பின்னால் நின்றபோது பந்து நேராக ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர், கோரி கிளெமென்ட்டிடம் போகிறது. அவர் இடது பக்கம் ஓடுகிறார். எதிரில் வலது பக்கம் நோக்கி ஓடிவரும் டைட் எண்ட் (தடுக்கவும் செய்வார், பந்து பிடிக்கவும் செய்வார்) ட்ரே பர்ட்டனிடம் பந்தைத் தள்ளிவிடுகிறார். பர்ட்டன் பள்ளி நாட்களில் குவாட்டர்பேக்காக ஆடியவர். அவர் எறிகிறார். கோல் கோட்டுக்கு அப்பால் இருக்கும் எண்ட் சோனில் தன்னந்தனியாக நிற்கும் ஃபோல்ஸ் பிடிக்கிறார். அங்கே பந்து சேர்ந்தால் டச்டவுன். சூப்பர் பவுல் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் டச்டவுன் எறியவும் செய்து பிடிக்கவும் செய்த முதல் ஆள் அவர்.

மகன் நிறுத்திக் காட்டியது பிடித்த இடத்தை அல்ல. ஸ்னாப்புக்கு அடுத்த கணத்தை. "இங்க பாரு, இவர் ஓடவே இல்ல." உண்மைதான். பந்து கிளெமென்ட் கைக்குப் போய்விட்டது, ஃபோல்ஸ் நின்ற இடத்தில் நிற்கிறார், இனி இந்த ஆட்டத்தில் தனக்கு வேலையே இல்லை என்பது போல. தலைக்குள் என்ன ஓடியிருக்கும்! நான்காவது வாய்ப்பு, உலகமே பார்க்கும் ஆட்டம், ஓட வேண்டும் என்று உடம்பு துடிக்கும். அந்த அரைக் கணத்தைப் பொறுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு சாவகாசமாகக் கிளம்புகிறார். முன்னாடியே கிளம்பியிருந்தால் யாராவது ஒருவர் திரும்பிப் பார்த்திருப்பார். சும்மா இருப்பதுதான் கஷ்டம் என்று கடலையைத் தள்ளிக்கொண்டே அவன் சொன்னது இதைத்தான்.

அதே ஆட்டத்தில் கொஞ்சம் முன்பு பேட்ரியட்ஸும் இதே மாதிரி ஒன்று செய்தது. டேனி அமெண்டோலா எறிந்த பந்து டாம் பிரேடியின் விரல்நுனியில் பட்டுக் கீழே விழுந்தது. பிரேடி அன்று 505 யார்டு எறிந்தவர். எறிவதில் அவ்வளவு பெரியவருக்கும் பிடிப்பது வேறு வேலை. ஆட்டம் 41-33 என்று ஈகிள்ஸ் பக்கம் முடிந்தது. எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஒருவரான ஆல்ஷான் ஜெஃப்ரி கோட்டை விட்டுக் கொஞ்சம் பின்னால் நின்றார், அதனால் அந்த வரிசையே விதிப்படி செல்லாது என்று பின்னால் சிலர் வாதிட்டார்கள். வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. நடுவர்கள் தவறு என்று கொடி எறியவில்லை, அவ்வளவுதான்.

ஈகிள்ஸ் மைதானத்துக்கு வெளியே இதற்கு ஒரு சிலை இருக்கிறது. போன வருடம் போய்ப் பார்த்தோம். ஃபோல்ஸ் பந்தைப் பிடிக்கும் காட்சியை அல்ல, ஃபோல்ஸும் பெடர்சனும் ஓரத்தில் நின்று பேசும் காட்சியைத்தான் சிலையாக வடித்திருக்கிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மகன் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று, அவனும் பேச்சில் கலந்துகொள்கிற மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டான்.

இதற்குப் பத்து வருடம் முந்திய கதை ஒன்று இருக்கிறது, ஃபோல்ஸ் அளவுக்கு யாரும் பேசாத ஒரு குவாட்டர்பேக்கின் கதை. மயாமி டால்ஃபின்ஸ் அணி 2007 சீசனில் 16 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. 2008லும் முதல் இரண்டு ஆட்டங்கள் தோல்வி. மூன்றாவது ஆட்டம் செப்டம்பர் 21 அன்று, வழக்கமான சீசன் ஆட்டங்களில் தொடர்ந்து 21 வெற்றி கண்டிருந்த பேட்ரியட்ஸுடன், அவர்களுடைய மைதானத்திலேயே. டால்ஃபின்ஸின் குவாட்டர்பேக் பயிற்சியாளர் டேவிட் லீ அதற்கு முந்தைய வருடம் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அங்கே டேரன் மெக்ஃபேடன் என்ற ரன்னிங் பேக்குக்கு நேரடியாக ஸ்னாப் கொடுத்து ஆடிய வரிசையை அவர் இங்கே கொண்டுவந்தார். வைல்ட்கேட் என்று பெயர்.

ரானி பிரவுன் என்ற ரன்னிங் பேக் குவாட்டர்பேக் இடத்தில் நின்றார். ரிக்கி வில்லியம்ஸ் பக்கவாட்டில் ஓடிவந்தார்; பிரவுன் பந்தை அவரிடம் கொடுக்கலாம், கொடுப்பது போல் காட்டித் தானே ஓடலாம். இரண்டு டேக்கிள்களும் ஒரே பக்கத்தில், லைனே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி. பேட்ரியட்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. பிரவுன் நான்கு டச்டவுன் ஓடினார், ஒன்று எறிந்தார். 38-13. அந்த வருடம் டால்ஃபின்ஸ் 11 ஆட்டம் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்தது.

அப்போது குவாட்டர்பேக் சாட் பென்னிங்டன் எங்கே இருந்தார்? மைதானத்தின் ஓரத்தில், ரிசீவர் இடத்தில். தோள்பட்டையில் அறுவைச் சிகிச்சைகள் ஆனவர், வேகமாக ஓடவும் மாட்டார். அவருக்குப் பந்து வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். பின்னே அவர் ஏன் அங்கே? இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது. வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் கொடுத்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார். அப்போது தாக்கும் பக்கம் பத்துப் பேர், தடுக்கும் பக்கம் பதினொரு பேர். எப்போதும் ஓர் ஆள் குறைவு. வைல்ட்கேட்டில் பந்து நேராக ஓடுபவனிடமே போகிறது. குவாட்டர்பேக் ஓரமாக நின்றாலும் அவரை அப்படியே விட்டுவிட முடியாது, எதிரணியில் ஒருவராவது போய் அவர் எதிரில் நின்றாக வேண்டும். கணக்கு பத்துக்குப் பத்து ஆகிவிடுகிறது. பென்னிங்டன் அங்கே நின்றதே ஓர் ஆளைக் கழித்துவிட்டது.

ஓர் அணியின் தலைவன், எல்லாப் புகைப்படத்திலும் நடுவில் நிற்பவன், ஓரத்தில் போய்த் தூண் மாதிரி நிற்க ஒப்புக்கொள்வது லேசான விஷயமில்லை. எதிரணிகள் சில மாதங்களிலேயே வைல்ட்கேட்டுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். அது ஆச்சரியமில்லை. பென்னிங்டன் நின்ற விதத்தைத்தான் நான் மறக்கமாட்டேன்.

இதில் வேடிக்கை, வைல்ட்கேட் புதுசே அல்ல. நூறு வருடத்துக்கு முன் பாப் வார்னர் வளர்த்தெடுத்த சிங்கிள் விங் வரிசையில் பந்து நேராக, பின்னால் நிற்கும் டெயில்பேக்கிடம்தான் போகும். குவாட்டர்பேக் அப்போது பெரும்பாலும் முன்னால் ஓடி இடித்துத் தள்ளி வழி செய்கிறவர். 1940 டிசம்பரில் சிகாகோ பேர்ஸ், சிட் லக்மேனை சென்டருக்கு நேர் பின்னால் நிறுத்திய டி ஃபார்மேஷனோடு வந்து வாஷிங்டனை 73-0 என்று அடித்த பிறகுதான் மற்ற அணிகளும் வரிசையாக மாறின. இன்று நாம் இயல்பு என்று நினைக்கும் வரிசையும் ஒரு காலத்தில் எதிரணியைத் திணறடித்ததுதான்.

வார்னர் பெயர் வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, அவர்களுடைய மொழியையும் வழக்கத்தையும் மறக்கடிப்பதற்காக நடத்திய பள்ளி கார்லைல். அதன் அணிக்குப் பயிற்சியாளர் வார்னர்தான். எங்கள் பென்சில்வேனியாவில்தான் இருந்தது. 1903ல் அந்தப் பையன்கள் ஹார்வர்டுடன் ஆடினார்கள். உதைத்து வந்த பந்தைப் பிடித்த குவாட்டர்பேக் ஜிம்மி ஜான்சன், எல்லோரும் சூழ்ந்துகொண்டபோது அதைச் சார்லி டில்லனின் சட்டைக்குள் முதுகுப்பக்கம் செருகிவிட்டார். அதற்காகவே சட்டையில் எலாஸ்டிக் தைத்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் வயிற்றில் எதையோ அணைத்துக்கொண்டு ஓட, டில்லன் வெறும் கையை வீசிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். ஆட்டத்தில் கார்லைல் 12-11 என்று தோற்றது. ஆனாலும் ஹார்வர்டின் பெரிய வீட்டுப் பிள்ளைகள் பந்தைத் தேடி ஓடிய அந்தச் சில நொடிகளை நினைத்தால் என் மனதுக்கு இப்போதும் நிறைவாக இருக்கிறது.

மகனுக்குப் பிடித்த ஆட்டம் வேறு. 2007 ஜனவரி 1, அரிசோனாவில் கல்லூரி அணிகளின் ஃபியஸ்டா பவுல். ஐடஹோவின் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகம், பலமான ஓக்லஹோமாவுக்கு எதிராக. பாய்சி 28-10 என்று முன்னால் இருந்து, முன்னிலை கரைந்து, கடைசி நிமிடத்தில் குவாட்டர்பேக் ஜேரட் ஜப்ரான்ஸ்கி எறிந்த பந்தை எதிரணி பறித்து நேராக டச்டவுனுக்குக் கொண்டுபோனது. 35-28. எந்தப் பையனும் அங்கேயே உடைந்துபோவான். அடுத்து நடந்தவை மூன்று.

நான்காவது வாய்ப்பு, 18 யார்டு தேவை, 18 நொடிகள் மிச்சம். ஜப்ரான்ஸ்கி எறிந்ததை டிரிசன் ஜேம்ஸ் பிடித்து, தன்னைக் குறுக்கே கடந்து ஓடிய ஜெரார்ட் ராபிடம் தள்ளிவிட, ராப் ஓடிக் கோட்டைத் தொட்டார். ஆட்டம் சமம். கூடுதல் நேரத்தில் ஓக்லஹோமாவின் ஏட்ரியன் பீட்டர்சன் முதல் ஸ்னாப்பிலேயே டச்டவுன். பதிலுக்கு பாய்சிக்கு மறுபடி நான்காவது வாய்ப்பு, 2 யார்டு. ஜப்ரான்ஸ்கி தன் இடத்திலிருந்து இடது பக்கமாக நகர ஆரம்பிக்கிறார். பந்து வின்னி பெரெட்டாவிடம் போகிறது. அவர் வலது பக்கம் ஓடி எறிய, டெரெக் ஷூமன் பிடிக்கிறார். 42-41. டச்டவுனுக்குப் பின் உதைத்தால் ஒரு புள்ளி, ஓடியோ எறிந்தோ மறுபடி கோட்டைத் தாண்டினால் இரண்டு. உதைத்திருந்தால் சமம். உதைக்கவில்லை. ஜப்ரான்ஸ்கி பந்தை வாங்கி, வலது பக்கம் மூன்று ரிசீவர்களைப் பார்த்து வெறும் வலது கையால் எறிகிற பாவனை செய்கிறார். பந்து இடது கையில், முதுகுக்குப் பின்னால். இயன் ஜான்சன் அதை எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஓடுகிறார். அந்தப் பக்கம் யாருமே இல்லை. 43-42.

கொஞ்ச நேரம் முன்பு பந்தைப் பறிகொடுத்த அதே கை, எறிகிற மாதிரி ஒரு பாவனை காட்டி ஆட்டத்தை வென்றது. அந்தப் பாவனையில் தோளும் முழங்கையும் கண்ணும் எல்லாம் உண்மையாகவே எறிகின்றன. இடது கை மட்டும் அசையாமல் இடுப்போடு ஒட்டியிருக்கிறது.

எல்லாம் இப்படி முடிவதில்லை. 2015 அக்டோபர் 18, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ், பேட்ரியட்ஸுக்கு எதிராக. 27-21 என்று பின்தங்கிய நிலையில் நான்காவது வாய்ப்பு, 3 யார்டு. பந்தை உதைத்துக் கொடுக்கும் பன்ட் வரிசையில் நின்ற கோல்ட்ஸ் திடீரென்று ஒட்டுமொத்தமாக வலது ஓரத்துக்குப் போய் நின்றது. நடுவில் பந்தருகே மிஞ்சியது இரண்டே பேர்: ரிசீவர் கிரிஃப் வேலன் சென்டராகக் குனிந்திருக்க, பின்னால் கோல்ட் ஆண்டர்சன். எதிரணி குழம்பித் தப்பான இடத்தில் நின்றால் லாபம். குழம்பாவிட்டால் ஸ்னாப் செய்யாமல் விட்டுவிட வேண்டும். அதுதான் திட்டம். பேட்ரியட்ஸ் குழம்பவில்லை. அந்த இருவருக்கு எதிரில் போதுமான ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஆனாலும் ஸ்னாப் நடந்தது. ஆண்டர்சன் நின்ற இடத்திலேயே விழுந்தார். மேலே வரிசைத் தவறு என்று கொடியும் விழுந்தது.

இந்த வீடியோவைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறவர்கள் நிறையப் பேர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்திருக்கும் வேலனுக்கு எதிரில் நிற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணும் வேலை பழக்கமானது அல்ல. அந்தக் களத்தில் குவாட்டர்பேக் இல்லை. "வேண்டாம், நிறுத்து" என்று சொல்லிப் பழகிய வாய் அந்தப் பதினொரு பேரில் இல்லாமல் போனது. குவாட்டர்பேக் வரிசையைப் பார்த்து, சரிப்படாது என்று தோன்றினால் எல்லாவற்றையும் கலைத்துவிட்டுச் சாதாரண ஆட்டத்துக்குத் திரும்புவார். அவர் அதைச் செய்யும்போது நமக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் எதுவும் நடப்பதில்லை.

அதே 2015ல், ஜனவரியில், பேட்ரியட்ஸ் பால்டிமோர் ரேவன்ஸுக்கு எதிராக வேறு மாதிரி ஒன்று செய்தது. ரன்னிங் பேக் ஷேன் வெரீன், தான் இந்த முறை பந்தைப் பிடிக்கத் தகுதியில்லாதவன் என்று நடுவரிடம் சொல்லிவிட்டு ஓரத்தில் போய் நின்றார். லைன்மேன் நிற்கும் இடத்தில் ஒரு டைட் எண்ட். நடுவர் அறிவித்தார், ஆனால் பிரேடி ரேவன்ஸுக்கு யோசிக்க நேரம் கொடுக்காமல் ஸ்னாப் வாங்கினார். அவர்கள் வெரீனைக் காவல் காக்க, டைட் எண்ட் தனியாக ஓடினார். எல்லாம் அன்றைய விதிப்படிதான். ரேவன்ஸ் பயிற்சியாளர் கோபத்தில் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். அந்த மார்ச்சிலேயே லீக் விதியை மாற்றியது: அப்படித் தகுதியில்லை என்று சொல்கிறவர் இனி டேக்கிள்களுக்கு நடுவில்தான் நிற்க வேண்டும். பேட்ரியட்ஸ் மேல் எனக்கு அன்பு கிடையாது, பிலடெல்பியாக்காரி நான். ஆனால் அதில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

தவறு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி எங்கள் வீட்டுக்கும் வந்தது. மேசையில் அவன் கடலையை அடுக்கிக் காட்டிய ப்ளேயின் முதல் வடிவம் இது: அவன் கையை விரித்துக்கொண்டு, "கோச், என்ன ப்ளே?" என்று கேட்டபடி ஓரத்தைப் பார்த்து நடந்து போக வேண்டும். எதிரணி இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை என்று தளர்ந்து நிற்கும். பந்து அவன் தோழனிடம் போய்விடும். 2010ல் டெக்சஸின் கார்பஸ் கிறிஸ்டியில் ஒரு பள்ளி ஆட்டத்தின் வீடியோ உலகம் முழுக்கப் பரவியதே, ஓரத்திலிருந்து பயிற்சியாளர் பெனால்டி என்று சத்தம் போட, குவாட்டர்பேக் பந்தோடு எதிரணிக்கு நடுவே சாதாரணமாக நடந்து போவானே, அதன் தம்பி மாதிரி.

அடுத்த வாரப் பயிற்சியில் கோச்சே அதைக் கைவிட்டார். பகலில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு மாலையில் சம்பளமில்லாமல் பிள்ளைகளோடு நிற்கிறவர். உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களுக்கான தேசிய விதி விளக்கத்தில், வினோதமான வரிசைகளும் போக்குக் காட்டுவதும் ஆட்டத்தில் என்றும் உண்டு என்றும், ஆனால் ஏதோ கோளாறு, ஸ்னாப் இப்போது வராது என்று எதிரணியை நம்பவைக்கும் பேச்சோ செயலோ கூடாது என்றும் இருப்பதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம். "எங்கே பந்து என்று அவர்களை ஏமாற்றலாம். ஆட்டம் நடக்கிறதா என்பதில் ஏமாற்றக் கூடாது" என்றாராம். மகன் வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஒப்பித்தான். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடிப்போனது. எதிரில் நிற்கும் பிள்ளைகளும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்தானே. பெரியவர் குரலை நம்பித் தளர்ந்து நிற்பவனை அடித்துவிட்டு ஓடுவதில் என்ன இருக்கிறது?

மாற்றிய வடிவம் ஜப்ரான்ஸ்கி செய்ததுதான். மகன் ஷாட்கன் நிலையிலிருந்து வலது பக்கம் பக்கவாட்டில் நகர வேண்டும். பந்து ரன்னிங் பேக்குக்கு நேரடி ஸ்னாப், அவன் இடது பக்கம் ஓடுவான். "அதுக்கப்புறம் நீ?" என்றேன். "நான் பந்து பிடிக்கப் போற மாதிரி ஓடுவேன். திரும்பிப் பாக்கவே கூடாது. பாத்தா கெட்டுப்போயிடும்." வீட்டுக் கொல்லையில் தனியாக அதை ஓடிப் பழகினான். பந்தே இல்லாமல். வேலியருகே போய்த் திரும்பி, கையை நீட்டி, ஒன்றுமில்லாததைப் பிடித்து, மறுபடி முதலிலிருந்து. சமையலறை ஜன்னலிலிருந்து பதினேழு வரை எண்ணினேன்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை, இரண்டாம் பாதியில், நாங்கள் ஒரு டச்டவுன் பின்தங்கியிருந்தபோது அது வந்தது. அவன் நகர ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடலையும் ராஜ்மாவும் கண்முன்னால் ஓடின. இடது பக்கம் பார்க்க வேண்டும், பந்து அங்கேதான் போகிறது என்று முழுக்கத் தெரியும். ஆனால் கண் அவனோடேயே போனது. அவன் கோட்டைத் தாண்டி ஓடினான். இடது பக்கம் இரைச்சல் எழுந்தது, யாரோ விசில் அடித்தார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து நின்று என் காப்பியைத் தட்டிவிட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டாவது அடியில் உடம்பைத் திருப்பி, விரல்களை விரித்து, இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராக நீட்டினான், நிஜமாகவே பந்து வருகிற மாதிரி.

14 யார்டு கிடைத்தது என்று பின்னால் சொன்னார்கள். ஆட்டத்தில் தோற்றோம். காரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு நான் ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின் சீட்டிலிருந்து அவனே ஆரம்பித்தான்.

"அம்மா, என் பின்னாடி ரெண்டு பேர் வந்தாங்க. பாத்தியா? ஒருத்தன்தான் வருவான்னு கோச் சொன்னார். ரெண்டு பேர்!"